பழைய நகரத்தில் மின்சார ஸ்கூட்டர் உலா: பாதை எப்படி அமைகிறது, எங்கே பிசகுகிறது

இரண்டு மணி நேர ஸ்கூட்டர் உலாவில் சக்கரம் உருளும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. பயிற்சிக்கு 20 நிமிடம் போய்விடும். எட்டு இடங்களில் ஆறு ஆறு நிமிடம் நின்றால் 48 நிமிடம். மிச்சம் 52 நிமிடம். சிக்னல், வளைவு, பின்தங்கியவருக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு குழுவின் சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ.யைத் தாண்டாது. ஆக, மொத்தம் ஓடும் தூரம் சுமார் 10 கி.மீ. இதே இரண்டு மணி நேரத்தை நடந்து கழித்தால் மூன்று, மூன்றரை கி.மீ. தேறும்.

இந்த ஆறேழு கி.மீ. வித்தியாசத்துக்குத்தான் வண்டி தேவைப்படுகிறது. எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மதிலுக்குள் அடங்கிய பழைய மையம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்று, ஒன்றரை கி.மீ.தான் இருக்கும். அதை நடந்து பார்ப்பதே நல்லது. மலைமேல் இருக்கும் கோட்டை, ஆற்றின் மறுகரை, நகரம் முழுதும் தெரியும் மேடு, மதிலுக்கு வெளியே வளர்ந்த பேட்டைகள் ஆகியவைதான் நடப்பவர் கைவிடும் இடங்கள். நல்ல ஸ்கூட்டர் உலா இவற்றைக் கோத்துக் காட்டும். சுமாரான உலா மையத்தின் சந்துகளுக்குள்ளேயே கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுற்றும்.

ஸ்கூட்டர் என்றதும் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டும் வண்டி நினைவுக்கு வரலாம். இங்கே பேசுவது முன்னும் பின்னும் ஒரு சக்கரம், நடுவே நிற்கும் பலகை, நெஞ்சளவு ஹேண்டில்பார் கொண்ட, நின்றபடி ஓட்டும் வண்டியைப் பற்றி. இதற்கு முன் சுற்றுலாக் குழுக்கள் செக்வேயில் போயின. பக்கத்துக்கு ஒன்றாக இரு சக்கரம் கொண்டு தானே சமநிலை பிடிக்கும் அந்த வண்டி 2001 டிசம்பரில் அறிமுகமாகி, 2020இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2017இல் அமெரிக்காவின் சான்டா மோனிகாவில் வாடகை ஸ்கூட்டர்கள் தெருவுக்கு வந்தன. மடக்கி வைக்கலாம், எடை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. அதனால் உலா நடத்துபவர்களும் இதற்கு மாறினார்கள். ஆனால் செக்வேயின் சக்கரம் பெரியது. இதன் சக்கரம் சிறியது. பழைய நகரத்தில் வரும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளம்புகிறது.

கல் பாவிய தெருவும் சின்னச் சக்கரமும்

மூன்று செ.மீ. உயரமாகத் துருத்தி நிற்கும் ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். சக்கரம் அதன்மேல் ஏற வேண்டுமானால் சக்கரத்தின்மீது இறங்கும் எடையை மேலே தூக்க வேண்டும். 28 அங்குல சைக்கிள் சக்கரத்துக்கு அந்த எடையில் ஏறக்குறைய 45 சதவீத அளவுக்கு முன்னோக்கிய விசை போதும். 10 அங்குலச் சக்கரத்துக்கு 85 சதவீதம் வேண்டும். சிறிய வண்டிகளில் சாதாரணமாகக் காணும் 8.5 அங்குலச் சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட முழு எடை அளவுக்கே வேண்டும். மெதுவாகப் போனால் வண்டி கல்லில் முட்டி நின்றுவிடும், ஓட்டுபவர் முன்னால் போவார். வேகமாகப் போனால் அதே விசை அதிர்ச்சியாக மணிக்கட்டில் இறங்கும். கல் பாவிய தெருவில் இந்த இரண்டுக்கும் நடுவே, மணிக்கு 8 முதல் 10 கி.மீ. வேகத்தில், முழங்காலைத் தளர்த்தி ஓட்ட வேண்டும். அதுவும் 200, 300 மீட்டருக்கு மேல் தொடர்ந்தால் கை மரத்துப்போகும். பாதை வகுப்பவர் கல் தெருவின் மொத்த நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் போதாது, தொடர்ச்சியாக எவ்வளவு என்பதை அளக்க வேண்டும்.

கல்லிலும் வகை உண்டு. ரோமில் பாவியிருக்கும் சாம்பியெத்ரினி, கையளவுள்ள கரிய எரிமலைக் கல். மேல்முகம் அகலமாகவும் அடி குறுகியும் செதுக்கிப் பதித்தது. வண்டிகள் ஓடி ஓடி இடையிடையே அமிழ்ந்துபோவதால் தெரு அலை அலையாக இருக்கும். லிஸ்பனின் கல்சாடா வெள்ளைச் சுண்ணக்கல். காலடி பட்டுப் பட்டு மெருகேறியது. வெயிலில் ஒன்றும் செய்யாது, நாலு தூறல் விழுந்தால் கண்ணாடி. ஆகவே ரோமில் அதிர்வைக் கணக்கில் வைத்துப் பாதை போட வேண்டும், லிஸ்பனில் ஈரத்தை. ஒரு நகரத்தில் ஓட்டிப் பழகிய வழிகாட்டிக்கு இன்னொரு நகரம் உடனே கைவராததற்கு இதுவே காரணம்.

டிராம் ஓடும் நகரத்தில் தண்டவாளம் தனி ஆபத்து. தெருவோடு தெருவாகப் பதித்த தண்டவாளத்தின் பள்ளம் சுமார் 4 செ.மீ. அகலம் இருக்கும். ஸ்கூட்டர் டயர் 5 செ.மீ. என்றாலும் தரையில் படும் வளைந்த பகுதி அதைவிடக் குறுகல். தண்டவாளத்துக்கு இணையாகப் போய்ச் சற்றே சாய்ந்து கடக்கப் பார்த்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பயனில்லை. கூடியவரை செங்குத்தாக, குறைந்தது 60 பாகைக் கோணத்தில், திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். மழையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே சரி. கடக்கும் இடத்துக்கு 10 மீட்டர் முன்னதாகவே வழிகாட்டி அகலமாக வளைத்துக் கோணத்தை அமைத்துக் காட்டுவார். பின்னால் வருபவர்கள் அவர் சக்கரத்தடத்தைப் பின்பற்றினால் போதும். பேசிப் புரியவைப்பதைவிட இந்த வளைவு அதிகம் புரியவைக்கும்.

வண்டி தேர்வு செய்பவருக்கு இவற்றிலிருந்து கிடைக்கும் விடை தெளிவு: குறைந்தது 10 அங்குலச் சக்கரம், காற்றடைத்த டயர், முன்பக்கமாவது ஸ்பிரிங். பஞ்சர் பயத்தில் திண்ம ரப்பர் டயர் போடுபவர்கள் உண்டு. தார்ச்சாலைக்கு அது ஒத்துவரும், கல் தெருவில் வராது. காற்றழுத்தம் குறைந்தால் டயர் கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவே நசுங்கி, ட்யூபில் பாம்புக்கடி போல இரண்டு ஓட்டை விழும். பஞ்சர்களில் பல ஆணியால் வருவதில்லை, இப்படித்தான் வருகின்றன. பல வண்டிகளுக்கு 45 முதல் 50 பி.எஸ்.ஐ. என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். வாரம் ஒருமுறை மானி வைத்துப் பார்க்க வேண்டும், விரலால் அழுத்திப் பார்த்துத் தெரியாது.

மேடு எப்போது, இறக்கம் எப்போது

மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 10 சதவீதச் சரிவில் ஏறுகிறோம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால் சக்கரத்தில் சுமார் 310 வாட் தேவை. 120 கிலோ என்றால் 370 வாட். இந்த வகை வண்டிகளின் மோட்டார் பெரும்பாலும் 250 முதல் 500 வாட் வரை. கொஞ்ச நேரத்துக்கு அதைவிடக் கூடுதலாகத் தரும், ஆனால் சூடேறினால் கட்டுப்பாட்டுக் கருவி தானே குறைத்துவிடும். பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் மின்னழுத்தமும் இறங்கும், ஏறும் திறன் இன்னும் குறையும். காலையில் சிரமமின்றி ஏறிய மேட்டில் அதே வண்டி மாலையில் பாதியில் நிற்பது இதனால்தான். ஆகவே கோட்டை மேட்டை உலாவின் முதல் பாதியிலேயே வைக்க வேண்டும். கடைசியில் உச்சிக்குப் போய்ச் சூரியன் மறைவதைக் காட்டலாம் என்ற ஆசை அழகானதுதான். ஆனால் எடை கூடிய விருந்தினர் இருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேரும்போது சூரியன் மறைந்திருக்கும்.

இதற்கு நேரெதிரான பிசகும் உண்டு, அது அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. அலுவலகம் மேட்டில் இருக்கிறது, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய வண்டியோடு உலா இறக்கத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் பிரேக் சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். நிரம்பிய பேட்டரிக்கு அதை வாங்க இடமில்லை. பல வண்டிகளில் அந்த நேரம் மோட்டார் பிரேக் பலமிழந்துவிடும் அல்லது நின்றேவிடும். அதுவும் பழகாதவரின் முதல் இறக்கத்தில்! மேட்டிலிருந்து தொடங்குவதானால் 85, 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிட்டு, இயந்திர பிரேக்கைத் தனியாகச் சோதித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் புழுதியிலும் மழையிலும் அடிக்கடி சரிசெய்ய வேண்டும். மூடிய டிரம் பிரேக் கொஞ்சம் மந்தம், ஆனால் நனையாது. தினமும் ஓடும் வண்டிகளுக்கு டிரம் பிரேக்கே மேல்.

வண்டிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரத்தை நம்பிப் பாதை போட முடியாது. அது 75 கிலோ ஆள், சமதரை, மிதமான வெப்பம், சீரான குறைந்த வேகம் என்ற கணக்கு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 360 வாட்-அவர் மின்னாற்றல் இருக்கிறது. அடியில் 15 சதவீதத்தைத் தொடாமல் விட்டால் 306. நின்று நின்று கிளம்பி, கல்லும் மேடும் கடக்கும் உலாவுக்குக் கி.மீ.க்கு 18 வாட்-அவர் என்று வைத்தால் 17 கி.மீ. ஒரு 10 கி.மீ. உலாவுக்குத் தாராளம், இரண்டு உலாவுக்குப் போதாது. நடுவில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ஐந்தாறு மணி நேரம் எடுக்கும் சார்ஜரில் அது பெரிதாக உதவாது. தினம் இரண்டு உலா நடத்துபவர் 500 வாட்-அவர் பேட்டரியோ மாற்றிப் பொருத்தும் பேட்டரியோ வைத்திருக்க வேண்டும். குளிர்நாடுகளில் இன்னொன்று: உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். வண்டியை உள்ளே கொண்டுவந்து அறை வெப்பத்துக்கு வந்தபிறகே செருக வேண்டும்.

முதல் இருபது நிமிடம்

பயிற்சியை அலுவலக வாசலில், நடைபாதையில் நடத்துவது மோசமான தொடக்கம். 30 மீட்டர் நீளமாவது வெறுமையான சமதரை வேண்டும். முதலில் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளி நடக்கச் சொல்லி, பிரேக் எங்கே பிடிக்கிறது என்று விரலுக்குப் பழக்க வேண்டும். பிறகு காலால் உந்துவது. பெரும்பாலான வண்டிகளில் மணிக்கு 3 கி.மீ. அளவு உந்தினால்தான் மோட்டார் விழிக்கும். நின்ற இடத்திலிருந்து ஆக்சிலேட்டரை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டே உந்துபவர், வண்டி சட்டென்று பாயும்போது தடுமாறுவார். உந்து, பலகையில் ஏறு, அதன்பின் கட்டைவிரல் என்ற வரிசையை வாய்விட்டுச் சொல்லவைப்பது பலன் தரும்.

ஒரு கால் முன்னால் நேராக, இன்னொன்று பின்னால் சற்றுச் சாய்ந்து, முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். இரு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விறைப்பாக நிற்பவர் பிரேக் பிடித்தால் ஹேண்டில்பாருக்கு மேலே சரிவார். பிரேக் பிடிக்கும்போது இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், காய்ந்த தரையில், சுதாரிக்க ஒரு விநாடி சேர்த்து வண்டி நிற்க 10 மீட்டர் ஆகும். 15 கி.மீ. வேகத்தில் ஏழு மீட்டருக்குள். ஈரத்தில் 20 கி.மீ. வேகத்துக்கு 14 மீட்டருக்கு மேல். உலாவுக்கு வண்டிகளின் உச்ச வேகத்தை 15இல் பூட்டிவைப்பது இதனால்தான்.

கையை எடுத்துத் திசை காட்டச் சொல்லவே கூடாது. சக்கரம் சிறியது, அதனால் ஹேண்டில்பார் தானாக நேராகும் இயல்பு சைக்கிளைவிட மிகக் குறைவு. ஒரு கையை எடுத்தால் மறு கை இழுக்கும் பக்கம் வண்டி திரும்பும். இண்டிகேட்டர் உள்ள வண்டி வேண்டும், இல்லையென்றால் குழுவுக்காக வழிகாட்டியே காட்ட வேண்டும்.

பயந்தவர் செய்யும் தவறு ஒரே மாதிரி இருக்கும். பயத்தில் கைப்பிடியை இறுக்குவார், இறுக்கும்போது கட்டைவிரல் ஆக்சிலேட்டரையும் சேர்த்து அழுத்தும். பயிற்சியில் வழிகாட்டி திடீரென்று "நில்!" என்று கூவிப் பார்க்க வேண்டும். யார் கட்டைவிரலை விடுகிறார், யார் விடவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்படி விடாதவர்தான் உலா முழுக்க வழிகாட்டிக்கு நேர் பின்னால் வர வேண்டியவர். இன்னும் பத்து நிமிடப் பயிற்சிக்குப் பின்னும் பிடிபடவில்லை என்றால் அவரைப் பணிவாக நிறுத்திவிடுவது வழிகாட்டியின் கடமை.

எட்டுப் பேர், ஒரு சிக்னல்

ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர் சௌகரியம், எட்டு எல்லை. சிக்னலில் நிற்கும் ஒன்பது வண்டிகள் ஒவ்வொன்றாகத்தான் உந்திக் கிளம்ப முடியும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் ஒன்றரை விநாடி இடைவெளி என்றால் கடைசி ஆள் கிளம்பவே 12 விநாடி ஆகும், அவர் சந்திப்பைக் கடக்க இன்னும் ஐந்தாறு விநாடி. பல சிக்னல்களில் அதற்குள் பச்சை மாறிவிடும். குழு உடையும், பிந்தியவர் சிவப்பில் பாய்வார். கடுமையான விபத்து நேரக்கூடிய தருணம் இது. அதைத் தடுக்கப் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும்: சிவப்பு விழுந்தால் நில், நாங்கள் எதிர்ப்பக்கம் காத்திருப்போம். அதற்கேற்ப ஒவ்வொரு சிக்னலுக்குப் பின்னும் ஒன்பது வண்டி ஒதுங்கி நிற்க இடம் பாதையில் இருந்தாக வேண்டும். இடமில்லாத சந்திப்பு பாதையிலிருந்து நீக்கப்பட வேண்டியது.

முன்னால் போகும் வழிகாட்டி சீராக 12 கி.மீ. வேகத்தில் போனாலும் கடைசி ஆள் அப்படிப் போக முடிவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வரிசை சுருங்கி விரியும், அவர் நின்று, பிறகு துரத்தி, மறுபடி நின்று வருவார். ஆகவே கடைசி இடம் தைரியசாலிக்கு உரியது. இரண்டாவது வழிகாட்டி இருந்தால் அவருக்கு உரியது.

ஓடும்போது கதை சொல்லக் கூடாது. காதில் ஒலிக்கருவி இருக்கிறதே என்று வழிகாட்டி மூன்று நூற்றாண்டு வரலாற்றை ஓட்டிக்கொண்டே சொன்னால், கேட்பவர் தலையைத் திருப்பிக் கட்டடத்தைப் பார்ப்பார், வண்டி தலை திரும்பிய பக்கம் போகும். ஓடும்போது காதில் விழ வேண்டியது "வலப்பக்கம்", "தண்டவாளம்", "மெதுவாக" போன்ற ஒற்றைச் சொற்கள் மட்டும். ஒலிக்கருவியும் ஒரு காதுக்கு மட்டுமே.

இதனால் நிறுத்தங்களின் பொறுப்பு கூடுகிறது. நின்ற முதல் ஒரு நிமிடம் யார் காதிலும் எதுவும் ஏறாது. ஹெல்மெட்டைக் கழற்றுவார்கள், வண்டியை நிறுத்தத் தடுமாறுவார்கள், கையை உதறுவார்கள். அதை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசலாம். வழிபாட்டுத் தலத்தின் முகப்பில் போய் அடைத்துக்கொள்வதைவிட, சதுக்கத்தின் எதிர் மூலையில் நிழலில் நின்றால் கட்டடம் முழுதாகத் தெரியும், நடப்பவருக்கும் இடையூறில்லை. வண்டிகளைப் பழைய சுவரில் சாய்க்கக் கூடாது. கல் தெருவில் ஸ்டாண்ட் நிலையாக நிற்காது, ஒன்று சாய்ந்தால் வரிசையாக எல்லாம் சாயும். கைவிரித்த தூரம் இடைவெளி விட்டு, முன்சக்கரம் மேட்டைப் பார்க்க நிறுத்தினால் சாயாது.

சட்டம் ஏன் இறுகியது

பிராகா நகரம் 2016இல் வரலாற்று மையத்தில் செக்வேக்களைத் தடை செய்தது. உலா நடத்தியவர்கள் மையத்துக்கு வெளியே நகர்ந்தார்கள். பாரிஸில் 2023 ஏப்ரல் 2 அன்று வாடகை ஸ்கூட்டர் பற்றி நடந்த வாக்கெடுப்பில் நகர வாக்காளர்களில் 7.5 சதவீதம் பேர்தான் கலந்துகொண்டார்கள், அவர்களில் 89 சதவீதம் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் தெருவில் எடுத்துத் தெருவில் விடும் வாடகை வண்டிகள் இல்லை. சொந்த வண்டிக்குத் தடை கிடையாது. இரண்டு நகரங்களிலும் மக்களின் குறை ஒன்றுதான்: நடப்பவரின் இடத்தை வண்டி எடுத்துக்கொண்டது.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி 2019 ஜூனில் இந்த வண்டிகளை அனுமதித்தபோது உச்ச வேகம் 20 கி.மீ., குறைந்தபட்ச வயது 14, வண்டியில் ஒட்டும் காப்பீட்டு வில்லை கட்டாயம் என்று வைத்தது. அறிவிப்புப் பலகை வைத்து அனுமதித்தால் தவிர பாதசாரி மண்டலத்துக்குள் ஓட்ட முடியாது. மது அளவில் காருக்குரிய விதியே இதற்கும். பிரான்ஸில் உச்சம் 25 கி.மீ., 2023 முதல் வயது 14, நடைபாதையில் ஓட்டக் கூடாது. இத்தாலியில் 2024 டிசம்பர் முதல் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பிரிட்டனில் அனுமதி பெற்ற வாடகைத் திட்டங்கள் தவிர, சொந்த ஸ்கூட்டரைப் பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம்.

விதிகளுக்கு இணங்கிய உலாவே பார்ப்பவருக்கும் நல்ல உலாவாக அமைகிறது. வியன்னா இதற்குத் தெளிவான சான்று. 1857இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் ஆணையிட்டு மதில்களை இடித்த இடத்தில்தான் ரிங்ஸ்ட்ராசெ என்ற வட்டச்சாலை வந்தது, சுமார் 5.3 கி.மீ. நீளம். நாடாளுமன்றம், நகர மன்றம், இசைநாடக அரங்கு, அருங்காட்சியகங்கள் எல்லாம் அதன் ஓரத்தில். சைக்கிள் பாதையும் உண்டு. மதில் நின்ற வட்டத்தை வண்டியில் சுற்றி, நடுவில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பழைய மையத்துக்குள் நடந்து போய்வந்தால், நகரம் எங்கே முடிந்தது, எங்கிருந்து வளர்ந்தது என்பதைக் கால் அறியும். மதிலை இழந்த பல நகரங்களில் இதே போல ஒரு வட்டச்சாலையோ பூங்கா வளையமோ இருக்கும். ரோமின் ஔரேலியன் மதில் சுமார் 19 கி.மீ., அதில் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. ஒரே உலாவில் சுற்றிவிட முடியாது, ஒரு துண்டைத் தேர்ந்துகொள்ளலாம்.

பதிவு செய்யுமுன் சில கேள்விகள் கேட்டால் உலா எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். சக்கரம் எத்தனை அங்குலம், காற்றடைத்ததா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? பயிற்சி எங்கே, எவ்வளவு நேரம்? எடை வரம்பு என்ன? பல வண்டிகளுக்கு 100 கிலோ, சிலவற்றுக்கு 120. நான் மோதி இன்னொருவருக்குக் காயம் பட்டால் காப்பீடு ஈடு தருமா, என் காயத்துக்கு மட்டும்தானா? மழை வந்தால் பாதை மாறுமா? நீர்த்தெளிப்பைத் தாங்கும் வண்டியும் கொட்டும் மழையைத் தாங்காது, ஆகவே "மழையிலும் அதே பாதை" என்ற பதில் நல்ல பதில் அல்ல. கடைசியாக, எந்தப் பகுதியை நடந்து பார்ப்போம் என்று கேளுங்கள். "நடக்கவே வேண்டாம், எல்லா இடத்துக்கும் வண்டியிலேயே போகலாம்" என்று சொல்பவர், மையத்தின் சந்துகளுக்குள் உங்களைக் கூட்டத்தினூடே ஓட்டவைக்கப் போகிறார்.